முக்தார் பாயும் குன்னூர்ப் பெரணியும்

முக்தார் அகமது கையில் சிக்காமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு ஷூவும் வெளியே போக முடியாது. ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருக்கும் ஷூ கம்பெனி அது. அங்கே அவர்தான் கடைசி செக்கர். தோலாக வந்ததை வெட்டி, தைத்து, ஒட்டி, பளபளப்பேற்றி, எல்லாரும் அப்பாடா என்று உட்கார்ந்த பிறகு ஷூ அவர் மேஜைக்குப் போகும். கவிழ்ப்பார், மடக்குவார், டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு சிவப்பில் அம்புக்குறி போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து, குறை இருக்கும் இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவார். அம்பு ஒட்டிய ஷூ வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். எனக்கு பேக்கிங்கில் வேலை. அவர் விட்டால்தான் நான் டப்பாவில் போட முடியும். இத்தனை வருஷமாக என் சாப்பாட்டு நேரத்தைத் தின்றவர் அவர்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் நட்பு ஆரம்பித்ததே அந்தக் கோபத்தில்தான்.

குறை பார்க்கும் கண்ணைக் கம்பெனியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியாத மனுஷர். மகன் ஆமிருக்குப் பெண் பார்க்கக் குன்னூர் போனார்கள். பெண்ணின் அப்பா அங்கே பேக்கரி வைத்திருப்பவர். அவர் வாசலுக்கு வந்து சலாம் சொல்லிக் கையை நீட்டியிருக்கிறார். பாய் குனிந்து அவர் ஷூவைப் பார்த்துவிட்டு, "இது ஒரு மழைக்குத் தையல் விட்டுடும், மாத்திடுங்க" என்றாராம். பாபி, அதாவது பாயின் மனைவி அஃப்ஸர் ஜஹான், அவர் காலை நன்றாக மிதித்தாராம். நல்லவேளை, பேக்கரிக்காரர் சிரிக்கிற சுபாவம். ஷூவைக் கழற்றிக் கையிலேயே கொடுத்துவிட்டார். அது போதாதா, சம்பந்தம் அங்கேயே பேசி முடிந்தது.

ஜனவரியில் கல்யாணம். மருமகள் உமைமா ஆம்பூர் வந்து காரிலிருந்து இறங்கியபோது சீர் சாமான்கள் எல்லாம் டிக்கியில் இருக்க, மடியில் மட்டும் ஒரு மண் தொட்டி இருந்தது. அதில் ஒரு பெரணிச் செடி. நீள நீளமான இலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி குட்டி இலைகள். குன்னூரில் அதை யாரும் வளர்ப்பதில்லையாம். சுவர் இடுக்கில் தானாக முளைக்குமாம். தன் வீட்டுப் பின்சுவரில் இருந்த சின்னச் செடி ஒன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்து, மலை வளைவு முழுக்க மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

பாய் வழக்கம்போல தொட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "இது மலைச் செடிம்மா. இந்த ஊரு வெயிலுக்கு நிக்காது" என்றார்.

"இது இங்க பொழைச்சா நானும் பொழைச்சிக்குவேன் மாமூ" என்றாள் உமைமா.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் விளையாட்டாகத்தான் சொன்னாள். பாய் சிரிக்கவில்லை. அவரிடம் விளையாட்டுக்குக்கூட ஒரு வார்த்தை விடக் கூடாது, அப்படியே பிடித்துக்கொள்வார்.

அந்த வீட்டில் உருதுதான் பேசுவார்கள். நான் போனால் தமிழுக்கு மாறிக்கொள்வார்கள். ஆனால் எந்த மொழியில் பேசினாலும் அதுவரைக்கும் அங்கே நடந்தது ஒன்றுதான். சாதம் குழைந்தது, திரை கோணல், பக்கத்து வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று பாய் சொல்லிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் காதில் வாங்காமல் இருப்பார்கள். உமைமா வந்து அதைக் கெடுத்தாள். அவர் டீயில் சர்க்கரை கம்மி என்றால், இவள் அவர் சட்டையைப் பார்த்து, "மாமூ, மூணாவது பட்டன் கோணல். நீங்க ரிஜெக்ட்" என்பாள். அவரை அப்படிச் சொன்ன ஆள் ஆம்பூரிலேயே கிடையாது. அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒருநாள் டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "பொண்ணு இல்லாத வீடுப்பா எங்க வீடு. இந்தப் பொண்ணு வந்தப்புறம்தான் சாயங்காலமானா சீக்கிரம் வீட்டுக்குப் போவணும்னு தோணுது." அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை அன்றுதான் கேட்டேன்.

பங்குனி பிறந்ததும் ஊர் தன் வேலையைக் காட்டியது. ஜன்னல் ஓரம் இருந்த பெரணியின் இலை நுனிகள் பழுப்பாகின. பிறகு ஓரங்கள் கருகின. தொட்டால் நொறுங்கியது. எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, பக்கெட்டில் வெள்ளையாக உப்புப் படியும். அந்தத் தண்ணீரைத்தான் தினமும் செடிக்கு ஊற்றியிருக்கிறார்கள். உமைமா கருகிய இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் குப்பையில் போட்டாள். ஆமிருக்கு ராணிப்பேட்டையில் வேலை, ரயிலில் போய் ரயிலில் வருபவன், பகலெல்லாம் வீட்டில் இருக்க மாட்டான். அவள் இலையைக் கிள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பாய்தான் பார்த்தார். பார்த்தவர் மறுநாள் மேஜையில் உட்கார்ந்து என் ஷூக்களில் பாதியைத் திருப்பி அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய், "இன்னா பாய், வீட்டுல எதுனா பேஜாரா?" என்று கேட்டேன். அப்போதுதான் செடிக் கதை வெளியே வந்தது.

முதலில் கேன் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பாபி சண்டைக்கு வந்துவிட்டார். "குடிக்கறதுக்கு வாங்கற தண்ணியை மொத்தமும் இது குடிக்குது. நாங்க இன்னா போர் தண்ணி குடிக்கறதா?" என்று கேட்டதில் நியாயம் இருந்தது. அப்புறம்தான் கம்பெனி ஆபீஸ் ஏசி குழாயிலிருந்து நாளெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் அவர் கண்ணில் பட்டது. உப்பு இல்லாத தண்ணீர், யாருக்கும் வேண்டாத தண்ணீர். ஒரு வெள்ளை கேனைக் கீழே வைத்து நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

எங்கள் கேட்டில் கேன் என்றால் விடமாட்டார்கள். பசையும் தின்னரும் அப்படித்தான் வெளியே போகும் என்பது காவலாளிகளுக்குத் தெரியும். அன்றைக்கு கேட்டில் இருந்தவர் கோதண்டபாணி. பாய்மேல் அவருக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கேனைப் பார்த்ததும் கை நீட்டி மறித்துவிட்டார். மூடியைத் திறந்து மோந்தார். வாசனை இல்லை. விரலை விட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை.

"இன்னா பாய் இது?"

"தண்ணி."

"தண்ணியைப் போய் எடுத்துனு போறீங்க? ஊட்ல தண்ணி இல்லையா?"

"இது ஏசி தண்ணி. மருமகளுக்கு."

கோதண்டபாணி முகம் மாறிவிட்டது. "இன்னாது! ஏசி தண்ணியவா குடுக்கறீங்க? புதுப் பொண்ணாச்சே பாய்! அது அப்பா அம்மா கேட்டா இன்னா நெனைப்பாங்க?"

பின்னால் சைக்கிளோடு நின்றிருந்த நான் சிரித்த சிரிப்பில் சைக்கிள் கீழே விழுந்துவிட்டது. பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அந்த இடத்திலேயே நின்று, பெரணி என்பது என்ன, குன்னூர் எங்கே இருக்கிறது, இலை நுனி ஏன் கருகுகிறது என்று ஒரு பாடம் நடத்தினார். கேட்டில் கூட்டம் நின்றுவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கோதண்டபாணியே கேனை நிரப்பி மூடி வைத்துவிட்டு, "பாய், மருமகளுது ரெடி" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் கிடைத்தது. காற்றுக்கு என்ன செய்வது? சித்திரையில் அந்த வீட்டுக்குள் வீசுவது அனல். அங்கே பாய்க்குத் தன் தொழில் கைகொடுத்தது. ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்து மாட்டுவதற்கு முன்னால் அதற்கு ஆவி காட்டுவோம். காய்ந்த தோலை இழுத்தால் வெடித்துவிடும், ஈரம் ஏறிய தோல் சொன்னபடி கேட்கும். செடிக்கும் அதே கதைதான் என்று அவர் முடிவு கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க, எங்கே ஈரம் என்று பார்க்கப் புறங்கையை நீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். கடைசியில் குளியலறையில் போய் நின்றுகொண்டு, "இதான் இடம்" என்றார்.

அன்றிலிருந்து பெரணி குளியலறை வென்டிலேட்டருக்குக் கீழே, ஒரு பலகைமேல் குடியேறியது. வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. ஆள் ஆளாகக் குளித்துக்கொண்டே இருப்பதால் ஈரத்துக்குக் குறைவில்லை. சட்டதிட்டங்களும் கூடவே வந்தன. உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும், சோப்புத் தண்ணீர் மேலே தெறிக்கக் கூடாது, ஷாம்பு போடுகிறவர்கள் செடியை முதலில் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். "கழுத்துல யாரோ தடவற மாதிரி கீதுப்பா" என்று ஆமிர் புலம்பினான். "நான் துணி துவைக்கும்போதுகூட அது எட்டிப் பாக்குது" என்றார் பாபி. ஒரு முறை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது கை கழுவ உள்ளே போனேன். கதவுக்கு வெளியிலிருந்து, "சம்பத்து, பாத்து!" என்று ஒரு அதட்டல். நான் வழுக்கி விழுவேனோ என்று இல்லை, செடிமேல் இடித்துவிடுவேனோ என்று.

ஆடி மாத மழைக்குள் பெரணி தேறிவிட்டது. தேறியது என்றால் சாதாரணமாக இல்லை. பலகையை மறைத்து இலைகள் தொங்கின. உமைமா அதைத் தினமும் நின்று பார்த்தாள். அவளும் அப்போது மாசமாக இருந்தாள், முகத்தில் நல்ல களை. பாய் டீக்கடையில் எனக்கு சமோசா வாங்கிக் கொடுத்தார். அவரைத் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

அந்த நேரம் பார்த்துக் குன்னூரிலிருந்து போன் வந்தது. பேக்கரிக்காரருக்கு முழங்கால் சரியில்லை. கடையைப் பார்க்க ஆள் வேண்டும். மாப்பிள்ளை குடும்பத்தோடு அங்கேயே வந்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஆமிர், "உமைமா சொல்றதுதான்" என்றுவிட்டான். உமைமா, "டெலிவரி முடியட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்குக் கிளம்பும்போது பாயிடம் வந்து, "மாமூ, என் செடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் ஒருத்தரிடமும் எதையும் கேட்கவில்லை. போய்விடுவாயா என்று மருமகளைக் கேட்கவில்லை, போகாதே என்று மகனிடமும் சொல்லவில்லை. "பெத்தவங்க கூப்புடறாங்க. நான் குறுக்கே நிக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டார். ஆனால் மனசுக்குள் கணக்கு ஒன்று ஓடியது. செடி நன்றாக இருந்தால் பெண் திரும்பி வருவாள். அந்த நம்பிக்கையில்தான் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

குன்னூரில் பெண் குழந்தை பிறந்தது. முபஷ்ஷிரா என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி முழுக்க லட்டு. அன்று பாய் மேஜையில் ஒரு அம்பு ஸ்டிக்கர்கூடச் செலவாகவில்லை. அந்த டப்பாக்களை நான் மறுபடியும் பிரித்துப் பார்த்தேன், பயமாக இருந்தது.

நாற்பது நாள் கழிந்துதான் தாயும் பிள்ளையும் வருவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயிடமிருந்து போன். "சம்பத்து, உடனே வா." குரலைக் கேட்டு யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிக்கொண்டு போனேன்.

பெரணி கூடத்தில், சாப்பாட்டு மேஜையின்மேல், டியூப் லைட்டுக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு இலையிலும் சிவப்பு அம்பு. பாய் கண்ணாடியை மூக்கில் இறக்கி விட்டுக்கொண்டு ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். இலையின் பின்பக்கம் பழுப்புப் புள்ளிகள், இரண்டு வரிசையாக, ஊசியால் தைத்த மாதிரி ஒழுங்காக. அடுத்த இலையிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே.

"உண்ணி" என்றார்.

தோல் ஊரில் பிறந்தவனுக்குப் புள்ளி என்றால் முதலில் தோன்றுவது உண்ணிதான். ஆட்டை உண்ணி கடித்த இடம் தோலைப் பதப்படுத்திய பிறகும் புள்ளியாகவே நிற்கும். சாயம் போட்டாலும் போகாது. அந்த இடத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியே கிடையாது. அது இங்கே குழந்தைக்கும் தெரியும். எனக்கும் அது உண்ணியாகத்தான் தெரிந்தது. "பரவுமா?" என்று கேட்டேன். "பின்ன? நேத்து ரெண்டு இலையில இருந்துச்சு, இன்னிக்கு எல்லாத்துலயும் கீது" என்றார். உண்மையில் நேற்றுத்தான் அவர் இலையைத் திருப்பியே பார்த்திருக்கிறார்.

நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். அம்பு ஒட்டிய இலை ஒவ்வொன்றாக விழுந்தது. எல்லா இலையிலும்தான் அம்பு இருந்ததே. முடிந்தபோது தொட்டியில் முடி இறக்கின தலை மாதிரி ஒரு குத்து மட்டும் மிச்சம். அதன்மேல் பூச்சி மருந்து வேறு ஊற்றப் போனார். நான்தான் பாட்டிலைப் பிடுங்கினேன்.

அதன் பிறகு அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். உமைமா வீடியோ காலில் குழந்தையைக் காட்டிவிட்டு, "மாமூ, செடியைக் காட்டுங்க" என்பாள். இவர், "நெட் சரியில்ல" என்று போனை பாபியிடம் தள்ளிவிட்டுப் போய்விடுவார். சத்துவாச்சாரி நர்சரியில் இதே மாதிரி செடி தொங்குவதை நான் பார்த்திருந்தேன். "ஒண்ணு வாங்கி வெச்சிடலாம் பாய், யாருக்குத் தெரியும்?" என்றேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "ரிஜெக்ட் பீஸை எடுத்துட்டு வேற பீஸைப் போட்டு டப்பாவை மூடுவியா நீ?" என்று கேட்டார்.

டிசம்பரில் அவர்கள் வந்தார்கள். என்னையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. பாய் மட்டும் தூக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவர் மாதிரி குளியலறைக் கதவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். உமைமா கால் கழுவ உள்ளே போனாள். தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமூ, இலையெல்லாம் எங்க?"

பாய் ஒன்றும் மறைக்கவில்லை. உண்ணி என்றார், எல்லா இலையிலும் பரவிவிட்டது என்றார், வெட்டினேன் என்றார். கம்பெனியில் திருப்பி அனுப்பும் தோலில் ஒரு துண்டைச் சாட்சிக்கு எடுத்து வைப்போம். அதே பழக்கத்தில் ஒரு இலையை பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்தார், அம்போடு. அதை நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பத்தெட்டு வயது மனுஷர் அழுதுவிடுவாரோ என்று இருந்தது.

உமைமா பையை வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். பாபி, "இன்னாடி, சொல்லிட்டுச் சிரி" என்று அதட்ட வேண்டியதாயிற்று.

"மாமூ, இது நோய் இல்ல. பெரணி பூக்காது, காய்க்காது. இதுதான் அதுக்கு விதை மாதிரி. இதுல இருந்துதான் குட்டிச் செடியெல்லாம் வரும். எங்க வீட்டுல இருந்து நான் எடுத்துட்டு வந்தப்ப இது சின்னது, ஒரு புள்ளிகூட வெச்சதில்ல. நல்லா வேர் விட்டு, இடம் பிடிச்சுப் போய் வளர்ந்தப்புறம்தான் இப்படி வெக்கும்."

பாய் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நல்லா இருந்ததையா நான் வெட்டிட்டேன்?"

"ஆமா மாமூ. போனாப் போகுது, அடியில உயிரா இருக்கு, திரும்ப வந்துடும்."

"எப்போ?"

"பங்குனிக்குள்ள நல்லா வந்துடும்."

அவர் குனிந்து தொட்டியில் மிச்சமிருந்த குத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இத்தனை மாதம் யாரிடமும் கேட்காததைக் கேட்டார். "பங்குனியில நீ இங்க இருப்பியாம்மா?"

ஆமிர் குழந்தையைப் பார்ப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டான். உமைமா சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பாக்கிட்ட டெலிவரி முடிஞ்சதுமே சொல்லிட்டேன் மாமூ, கடைக்கு எங்க சித்தப்பா மகனைப் போட்டுக்கச் சொல்லி. அங்க போனப்ப எங்க பின்சுவத்தைப் பாத்தேன். இதே செடிதான், சுவரு முழுக்க மண்டிக் கெடக்கு. ஒருத்தர் திரும்பிப் பாக்கறதில்ல. இங்க ஒருத்தர் இது ஒண்ணுக்காக கம்பெனியில இருந்து தண்ணி தூக்கிட்டு வர்றாரு. இதை விட்டுட்டு நான் எங்க போவேன்?"

முக்தார் பாய் கண்ணாடியைக் கழற்றினார். பேத்திக்காகக் கையை நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்குக் குறை ஒன்றும் அகப்படவில்லை.